சாமியாரின் ஊர்க்கொடி

1911 ஐப்பசி, செவ்வாய் இரவு.

கண் எரிகிறது. போர்த்துக்கல் சாமியாரின் சொந்த ஊர்க்கொடியைத் தைத்து முடித்து இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வரைந்து காட்டியபடி கீழே ஆறு, மேலே கோட்டை. ஆனால் தேர்ச்சீலை தைத்தே பழகிய கை, கோட்டையின் உச்சியில் மூன்று கலசங்களை வைத்துவிட்டது. அவர் விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"எங்க ஊர்க் கோட்டையக் கோயிலாக்கிட்டீரு வே!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"பிரிச்சுத் தைச்சுத் தாரேன் சாமி."

"வேண்டாம். அங்கன இருந்து யாரு வந்து பாக்கப் போறா? என் சவப்பெட்டி மேல போர்த்தத்தான."

பிடுங்காத குறையாக வாங்கி வந்துவிட்டேன். இரண்டு கலசங்களைப் பிரித்தாயிற்று. மூன்றாவதை இன்று பிரிக்கப்போவதில்லை. நாளையும் இல்லை. கொடி கைக்கு வராமல் அவர் எப்படிப் போகிறார், பார்ப்போம்.