ஃபெம்கேவுக்கு விட்ட இடம்

1858, மார்ச் 9
ஆற்றங்கரைப் படத்தில் வானமும் வில்லோ மரங்களும் முடிந்தன. வலப்பக்கம் வழக்கம்போல வெற்றிடம். அங்கே ஃபெம்கே மாடுகள் வரைவாள். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் ஏற்பாடு: மண்ணும் மரமும் மேகமும் எனக்கு, உயிருள்ளதெல்லாம் என் பெண்டாட்டிக்கு. நான் மாடு போட்டால் பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும்.

மரங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லா இலையும் வந்திருச்சா, இல்ல ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருச்சா?"

மார்ச் 21
ஃபெம்கேவுக்கு இருமல் விடவில்லை. தூரிகையை எடுத்தாள், வைத்துவிட்டாள். மாடுகள் பசியில் காத்திருக்கின்றன என்று கிண்டல் செய்தேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கைக்குட்டையில் ரத்தம். என் வாயைத் தைக்க வேண்டும்.

ஏப்ரல் 2
மருத்துவர் வந்தார். நோயின் பெயர் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதவும் வேண்டாம்.

ஏப்ரல் 5
மோர்க்கஞ்சி கொஞ்சம் குடித்தாள்.

ஏப்ரல் 11
படங்களை விற்றுத் தரும் வெர்ஹூவன் வந்தார். ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குப் படம் வேண்டுமாம். மாடு போட, தனக்குத் தெரிந்த வேறொரு ஓவியரை அனுப்பவா என்று என் காதருகே கேட்டார். படுக்கையிலிருந்து ஃபெம்கே, "அந்த ஆளு போடுற மாட்டுக்கெல்லாம் பாதிரியார் மூஞ்சி. வேணாம்" என்றாள்.

அவர் போனபின் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த இடத்த மூடிரு, ரூலோஃப். உனக்குப் புல்லு நல்லா வருமே. புல்லு போட்டுரு."

"மாட்டேன். உன் இடம் அது. எந்திரிச்சு வந்து நீயே போடு."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா? கோபம் என்றால் நல்லது. கோபப்படத் தெம்பு இருக்கிறதே.

ஏப்ரல் 19
விடியும்போது போய்விட்டாள்.

மே 30
அந்த இடத்தை இன்று மூடினேன். பெரிய தூரிகை. அரைச்ச பச்சையும் சாம்பலும், அப்படியே ஒரே இழுப்பு — அழுகையில கண்ணு எங்க தெரிஞ்சது? பிறகு மரங்கள் மீதும் இழுத்தேன். அத்தனை இலை யாருக்கு? பார்த்துச் சிரிக்க ஆள் இருந்தபோது வரைந்தேன்.

செப்டம்பர் 14
வெர்ஹூவன் செய்தித்தாளோடு வந்து, கண்காட்சியில் என் ஆற்றங்கரைப் படத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். நான் புதிய ஓவியனாகிவிட்டேனாம். சில்லறை அலங்காரங்களை விட்டு, தனிமையை வரையக் கற்றுக்கொண்டேனாம்.

"எங்கய்யா கத்துக்கிட்டே இதை?" என்றார்.

மாடெல்லாம் மேயப் போயிருக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

யாருமில்லாத படம் இன்னும் இரண்டு வேண்டுமாம். சரி என்றேன். எனக்கு வேறு எப்படி வரும்?