கசடு வழித்த நாள்

அக். 12, சனி
காலையிலிருந்து தூறல். விஜயதசமி, வார்ப்பு ஆலையில் பூஜைக்குப் பிறகு முதல் உருக்கு, என் பொறுப்பில். குடும்பத்தோடு வரலாம் என்று மேனேஜர். இவளுடைய அண்ணன் குவைத்திலிருந்து அறந்தாங்கி வந்திருக்கிறார். மனைவியோடு அவரையும் கூட்டிப் போனேன்.

கிரேனில் தொங்கும் வாளி நிறைய உருகிய எஃகு, மேலே சாம்பல் நிறத்தில் மிதக்கும் கசடு. போனை நீட்டிக்கொண்டே மச்சான், "என்ன மாப்ளே, சாம்பலயா காட்டுறீங்க?" சுருக்கென்றது. கசடை வழித்துவிடச் சொன்னேன். தகதகவென்று வெள்ளை வெளிச்சம்.

ஊற்றத் தயாரான கிரேன்காரரிடம், "இருங்கண்ணே, வீடியோ முடியட்டும்." அவர் ஒரு மாதிரி பார்த்தார். இவள் முகத்தில் பெருமை. எனக்கும்தான், பொய் எதற்கு.

வரும்போது பொரிகடலை வாங்க மறந்தேன். திட்டு.

அக். 16, புதன்
மழை. சனிக்கிழமை வார்த்த வால்வு எல்லாம் உள்ளே ஓட்டை. லேத்தில் கடையும்போதுதான் தெரிந்ததாம்.

மேனேஜர்: "மழ ஈரம். அச்சு காயல. யாரு கட்டுன அச்சு?"

எல்லோரும் பாக்கியத்தைப் பார்த்தார்கள். மண் அச்சு கட்டுவது அந்த அம்மாதான், ஊர் விராலிமலைப் பக்கம். நானும் பார்த்தேன். அதுதான் கேவலம்.

அக். 17, வியாழன்
ஆள் இல்லாத நேரம் ஒரு துண்டை அறுத்துப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி. அச்சு ஈரத்தால் இது வராது.

கசடுதான் போர்வை. வழித்துவிட்டுக் காத்திருந்தால் எஃகு காற்றைக் குடிக்கும். காற்றை அடக்கப் போட்ட அலுமினியம் எரிந்து பொடியாகித் தீர்ந்துவிடும். பிறகு உள்ளே வாயு, ஓட்டை. டிப்ளமோவில் படித்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்வது. தெரிந்தேதான் செய்தேன், மச்சான் முன்னால் சின்ன ஆளாகிவிடக் கூடாது என்று. தூ.

செய்ய வேண்டியது: மேனேஜரிடம் சொல்ல. சிலிண்டர் புக் பண்ண.

சிலிண்டர் ஆச்சு. மேனேஜர் அறைக் கதவு வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். நல்ல சாக்கு.

அக். 18, வெள்ளி
வெயில். பாக்கியத்தை அச்சு வேலையிலிருந்து எடுத்து மண் சலிக்கப் போட்டுவிட்டார்கள். சம்பளமும் இறங்குமாம்.

டீ நேரத்தில் அவரே என்னிடம் வந்தார். கையெல்லாம் மண்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லாத்தான் உருக்கிக் குடுத்தீங்க. நாந்தேன் ஈரத்தப் பாக்காம கெடுத்துப்புட்டேன்."

வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள்.

"பரவாயில்லம்மா" என்றேன்.