இறக்கை இல்லாதவளுக்கு வேறு பெயராம்

அன்புள்ள செண்டிக்கு,

முழங்கால் வீக்கம் வற்றியதா? அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். நம் நீள்வீட்டில் ஒரே கூரையின் கீழ் இருக்கும் எல்லாக் குடும்பங்களையும் கேட்டதாகச் சொல். நான் சுகம், குளிர்தான் இன்னும் பழகவில்லை.

பயப்படாதே, வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன், அவ்வளவுதான். நம் மிளகுக் கொடியில் குச்சிக்கூடு கட்டித் தொங்குமே அந்துப்பூச்சி, அதை இங்கே நம் போர்னியோ தீவுப் பூச்சிகளுக்கான பிரிவில் ஊசியால் குத்தி வைத்திருக்கிறார்கள். ஆணுக்கு ஒரு பெயர், ஓர் அலமாரி. பெண்ணுக்கு வேறு பெயர், வேறு அலமாரி!

"இதுக்கு இறக்கையே இல்லையேப்பா, வேற இனம்தான்" என்றார் பிரிவின் தலைவர் ஹெல்விக்.

"சார், இது அதோட பொண்டாட்டி. கூட்டை விட்டு வெளியவே வராது. ஆண்தான் தேடிப் பறந்து வரும்."

"யார் சொன்னா?"

"என் சம்சாரம். பதினஞ்சு வருஷமா கொடியில இதைப் பொறுக்குறா."

"அவங்க எந்தக் காலேஜ்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க இதை உசுரோட ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?" என்று கத்திவிட்டேன். சிரிப்பு நின்றது. ஆதாரம் கொண்டுவந்தால் ஹெல்விக் பெயரை மாற்றுவாராம். பதினைந்து வருஷம் பார்த்த கண் ஆதாரம் இல்லையாம்!

அதனால், ஆண் வந்து கூட்டில் ஒட்டும்போது கைபேசியில் படமெடு. படகில் சந்தைக்குப் போகும் நாளில், சிக்னல் கிடைத்ததும் அனுப்பு. கூட்டுக்குப் பக்கத்தில் உன் கையையும் வை. அளவு தெரிய வேண்டும், அதற்காகத்தான். தவறிப்போய் முகம் விழுந்துவிட்டாலும் அழித்துவிடாதே.

அருங்காட்சியகக் கதவைப் பூட்டப் போகிறார்கள், முடிக்கிறேன்.

உன் லாந்திங்