உங்கள் இலைக்கு அந்தப் பாட்டில் வராது

ஏனுங்க, என் வீட்டுக்காரரே,

ஆசையாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆசையும் உண்டு, ஆனால் இன்றைக்குக் கோபம்தான் முன்னால் நிற்கிறது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் எழுந்து வந்து திருத்துங்கள்.

நேற்று உங்களுக்கு வருஷப் படையல். காரமடைப் பக்கம் உங்கள் அண்ணன் வீட்டில் இலை போட்டு, கற்பூரம் ஏற்றப்போகும் நேரத்தில், நான் உங்கள் போட்டோவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "புருஷன் படையலையே கெடுத்தவ" என்று இந்நேரம் உங்கள் சொந்தம் முழுக்கப் பேசியிருக்கும். அது உங்கள் காதுக்கு வரும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் காரணம் உங்கள் வாய்தான். நீங்கள் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தீபாவளிக்கு, அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னீர்கள்? "நாஞ் செத்தா என்ற எலையில குவாட்டரு வெக்காம எவனும் கை நனைக்கக் கூடாது." நீங்கள் சிரித்தீர்கள். அண்ணன் சிரித்தார். பரிமாறிக்கொண்டிருந்த நான் சிரிக்கவில்லை. அது உங்களுக்கு எங்கே தெரிந்திருக்கும்?

பிறகு நீங்கள் குடியை விட்டீர்கள். மறுவாழ்வு இல்லத்தில் இருந்து வந்தபோது கை நடுங்கி, லேத் பட்டறையில் உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளவே யோசித்தார்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷம். குடிக்க வேண்டும் போல இருக்கும்போது இனிப்புச் சாப்பிடச் சொன்னார்கள் என்று சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பீர்கள். அதற்கு முன்னால் உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்தால் பிராந்தி நாற்றம். அந்த ஐந்து வருஷமும் எறும்பு. எறும்பைத் தட்டிக்கொண்டே உங்களைத் திட்டுவேன். அந்த மாதிரித் திட்டுகிற பாக்கியம் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

காலையில் பீளமேட்டில் நான் காய் வெட்டும் காலேஜ் ஹாஸ்டல் கேட் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை, குடியை விட்டவர்கள் கூடும் உங்கள் மீட்டிங்குக்கு நீங்களே டீ போட்டு எடுத்துப் போவீர்கள். குடிக்காமலேயே இத்தனை சண்டை போடுகிற ஆள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சண்டை போட்டதைக் காலையில் ஞாபகமும் வைத்திருந்தீர்கள். அதைவிட என்ன வேண்டும் எனக்கு?

ஆனால் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனால் மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்கொண்டது? தீபாவளி, பொங்கல் என்று ஒவ்வொரு நோம்பிக்கும் அவர் டம்ளரை நீட்டுவார். நீங்கள் "வேண்டாங்ணா, டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு" என்பீர்கள். மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று "நான் குடிகாரன், இப்போது குடிப்பதில்லை" என்று சொன்ன மனுஷன், கூடப்பிறந்தவரிடம் மாத்திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். மாத்திரை முடிந்தால் தம்பி குடிப்பான் என்று அவர் ஐந்து வருஷமும் காத்திருந்தார். அந்தப் பழைய வார்த்தையைத் திரும்ப வாங்க ஒரு நிமிஷம் போதுமே, ஏன் வாங்கவில்லை?

பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்னாலேயே முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் என் காதுபடவே பேசினார்கள்: "பட்டுன்னு நிறுத்துனா ஒடம்பு எப்படிங் தாங்கும்?" பட்டென்று நிறுத்தி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர்களோடு சண்டை போட அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

தெம்பு இல்லாததால்தான் அந்தத் தப்பையும் செய்தேன். பதினாறாம் நாள் காரியத்தில் உங்கள் அக்கா, என் நங்கை, பாட்டிலை என் கையில் கொடுத்தார். "அவன் ஆசைப்பட்டுக் கேட்டது அம்மணி. வெக்காட்டி அலைவான்." நீங்கள் அலைவீர்கள் என்றதும் பயந்துவிட்டேன். மூடியைத் திருகி டம்ளரில் ஊற்றி இலை ஓரத்தில் வைத்தது இந்தக் கைதான்.

படையல் முடிந்ததும் ஆண்கள் அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்கள். செல்வராஜ் அங்கே இருந்தான். நீங்கள் தம்பி மாதிரி பார்த்துக்கொண்ட ஆட்டோக்காரன். குடியும் வலி மாத்திரையுமாகக் கிடந்தவனை வாரம் தவறாமல் மீட்டிங்குக்கு இழுத்துப் போனீர்களே, அவன். அப்போது அவன் விட்டு எட்டு மாசம். "படைச்சதை வேண்டாங்கக் கூடாது, உங்கண்ணனுக்காக ஒரு மடக்கு" என்று டம்ளரை அவன் வாயில் வைத்தார்கள். உங்கள் பேரைச் சொன்னதால் குடித்துவிட்டான்.

நாலு மாசம் அவனைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. மாத்திரையும் திரும்ப ஆரம்பித்துவிட்டான். அவன் சம்சாரம் ஒருநாள் என் வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க ஊட்டுக்காரரு தூக்கி உட்டாருங்க்கா. நீங்க எதுக்கு ஊத்திக் குடுத்தீங்க?"

என்ன பதில் சொல்வேன்? உங்களைக் கேட்கிறேன், என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

அவன் மறுபடியும் இல்லத்துக்குப் போய், மறுபடியும் முதல் நாளில் இருந்து தொடங்கினான். இப்போது ஏழு மாசம் ஆகிறது. நேற்றுப் படையலுக்கு நானே கூப்பிட்டேன். உங்கள் அண்ணனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே போன் போட்டு, இந்தத் தடவை பாட்டில் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். "செரி செரி அம்மணி" என்றார். நம்பிப் போனேன்.

இலை போட்டோம். கறிக்குழம்பு, வடை, நான் சுட்டுக்கொண்டு போன வெல்லக் கச்சாயம் எல்லாம் வைத்தோம். கற்பூரத்தைக் கையில் எடுக்கும்போது, அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்து பேப்பர் சுற்றிய பாட்டிலை எடுத்துவந்தார் உங்கள் அண்ணன். வெளி வாசலில் செல்வராஜ் எழுந்து நின்று செருப்பைத் தேடினான். எதிரே கிடந்த செருப்பில் அவன் கால் நுழையவில்லை. ஓடிவிடும் அவசரம்.

"மாமா, அது வேண்டாங்க" என்றேன்.

"கம்முனு இரு அம்மணி. ஒறம்பரை சனமெல்லாம் பாக்குது."

"பாக்கட்டுங்க. அவரு குடியை உட்டுப்போட்டாருங்க."

"அவன் வாய்விட்டுக் கேட்டதாக்கும். என்ற தம்பிக்கு நான் வெக்கறேன், நீ யாரு தடுக்க?"

நங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அஞ்சு வருசம் பல்லைக் கடிச்சுட்டுக் கெடந்தான். போன எடத்துலயாவது நிம்மதியா ஒரு வாய் குடிக்கட்டுமே."

அங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அந்த ஐந்து வருஷத்தை அவர்கள் தண்டனை என்று நினைத்திருக்கிறார்கள். நீங்கள் ஜெயிலில் இருந்தது போலவும், செத்து இப்போதுதான் வெளியே வந்தது போலவும்.

"பல்லைக் கடிச்சுட்டு இல்லீங் நங்கை. நல்லா இருந்தாருங்க. சிரிச்சுட்டு இருந்தாருங்க. கூட இருந்தவ நானு."

அண்ணன் பேப்பரைப் பிரித்துக்கொண்டே இருந்தார். பாட்டிலை நான் தொடவில்லை, ஒரு தடவை தொட்டது போதும். பலகையில் இருந்த உங்கள் போட்டோவை மாலையோடு எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"போட்டோ இல்லீன்னா என்ற தம்பி இல்லாமப் போயிருவானா?" என்று கத்தினார்.

"பாட்டிலு இல்லீன்னா இல்லாமப் போயிருவாருங்களா மாமா?"

பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

செல்வராஜ் ஆட்டோவில்தான் திரும்பினோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் பாதி தூரம் வந்ததும் அவன் உங்களைப் பற்றிச் சொன்னான்: "அண்ணன் என்னுகிட்ட ஒருக்கா சொன்னாருங்க்கா. குடியை உட்டுப்போட்டேன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டேன், என்ற அண்ணன்கிட்டத்தான் பயமா இருக்குது, இந்த நோம்பிக்குச் சொல்லிப்போடறேன்னாருங்க."

எந்த நோம்பிக்கு? அந்த நோம்பி வரவே இல்லையே. உங்கள் மேல் இருந்த கோபம் அதைக் கேட்டதும் கொஞ்சம் குறைந்தது என்று எழுதினால் பொய். கூடத்தான் ஆனது. என்னிடம் சொல்லியிருந்தால் உங்களுக்கு முன்னால் நான் போய்ச் சொல்லியிருப்பேனே. நேற்றுச் சொன்னதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். செல்வராஜுக்கு அந்த நாலு மாசம் போயிருக்காது.

நம் வீட்டில் இலை போட்டேன். அரிசியும்பருப்பு சாதம், உங்கள் டம்ளரில் சர்க்கரை கூடப் போட்ட டீ, நாலு கடலை மிட்டாய். செல்வராஜும் அவன் சம்சாரமும் சாப்பிட்டார்கள். அவள் இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தாள். சோற்றை இரண்டு தரம் வாங்கினாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு இன்னும் நாளாகும், ஆகட்டும்.

அவர்கள் போன பிறகு இலையை எடுக்கப் போனால் மிட்டாயில் எறும்பு. நீங்கள்தான் வந்தீர்கள் என்று நினைத்து அழுவேன் என்று பார்த்தீர்களா? எறும்புதான் அது. இருந்தாலும் கொஞ்ச நேரம் தட்டாமல் விட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருஷமும் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போவேன். கூப்பிடாவிட்டாலும் போவேன். அவர் பாட்டிலை எடுத்தால் நான் போட்டோவை எடுப்பேன். என் உயிர் இருக்கும்வரை உங்கள் இலையில் ஒரு சொட்டு விழாது. நீங்கள் அலைந்தாலும் சரி. தாகம் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு வாருங்கள், அங்கே இப்போது நான்தான் டீ போடுகிறேன். நீங்கள் அண்ணனிடம் சொல்லப் பயந்ததை, கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்: என் வீட்டுக்காரர் குடிக்காமல் ஐந்து வருஷம் நன்றாக வாழ்ந்தார்.

இப்படிக்கு,
கூட இருந்து பார்த்தவள்,
இன்னும் கோபம் ஆறாத உங்கள் சம்சாரம்
சரசு