பழைய பள்ளிக்கூடத்து மாடி

அண்ணை,

இங்கே லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உங்களுக்கென்று வாங்கிய முருங்கைக்காய் மேசையில் வதங்கிக் கிடக்கிறது. பார்சல் கட்ட மனம் வரவில்லை.

உங்கள் ஜெர்மன் கிராமத்தின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். விருந்துக்கு வந்தால் சோற்றுக்கு முதல் அதைத்தானே பரிமாறுவீர்கள். இரண்டு குன்றுகள், நடுவில் ஓடை, இரண்டு தரம் எரிந்த தேவாலயம். உலகப் போர் முடிந்ததும் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மன் சனங்களைப் பழைய பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்களாம். வன்னியிலிருந்து அகதியாகப் போன உங்களையும் அங்கேதான் வைத்தார்கள்.

நேற்று நீங்கள் பெருமையாக அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புதிய அகதிகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொடுக்கக் கூடாதென்று, ஊர்க்காரரோடு முன்வரிசையில் பதாகை பிடித்து நிற்கிறீர்கள். கூடவே ஒரு குரல்பதிவு: "உவங்கள் வந்தால் ஊர் நாறிப்போடும்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். இரவு சாப்பிடவில்லை.

படத்தில் உங்கள் தலைக்கு மேலே மாடி ஜன்னல் ஒன்று தெரிகிறது. போய்ச் சேர்ந்த அன்று அந்த அறையிலிருந்துதான் எனக்கு ரெலிபோன் கோல் எடுத்து அழுதீர்கள்.

"தங்கச்சி, இஞ்சை ஒருத்தரும் என்னைப் போகச் சொல்லேல்லை."

உங்கள் தங்கை