மாமன் மடி

அண்ணா,

அவரை விட்டு நான் தனியா வந்ததுலேர்ந்து நீ பேசல. இருக்கட்டும். நேத்து தன்ஷிகாவுக்குக் காது குத்தினோம்.

"தாய்மாமன் யாரும்மா? மடியில உக்கார வைக்கணுமே"ன்னார் பத்தர். நான் தலையைக் குனிஞ்சேன்.

"நாந்தான்"னு பாயில உக்காந்தார், அவளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போற ஆட்டோக்கார வேம்புலி அண்ணன். "நீ மட்டும் இன்னா? நானுந்தான்"னு பக்கத்து ஊட்டு பிரகாசம் அண்ணன் வந்தார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதை விட்டுட்டு, கழுத்துல மாலையோட! பின்னாலயே எங்க கம்பெனி வேன் டிரைவர். எனக்கு இத்தனை அண்ணன்களான்னு எண்ணிப் பார்த்தேன்.

நடுவுல மட்டும் ஒரு இடம் விட்டிருந்தாங்க.

"அது யாருக்கு?"ன்னேன்.

"நெசமான மாமனுக்கு. லேட்டானாலும் வருவாருல்ல?"ன்னார் வேம்புலி அண்ணன்.

ஒரு மணி நேரம் எல்லாருமா வாசலையே பார்த்துகினு இருந்தோம்.

உன் தங்கச்சி