பதினோரு பெயர்கள்

ஆம்பூர்,
4-2-1958

பிரியமுள்ள முனவ்வர் அக்காவுக்கு, சந்திராவின் வணக்கம்.

முழங்கால் வீக்கத்தோடு இன்னும் மலையடிவாரத்துக்கு நடந்தே பிரசவம் பார்க்கப் போகிறீர்களாம். பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்தவர் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

வேலூரில் தலைமை மருத்துவச்சி வேலை காலியாகிறது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. நானும் மனு போட்டிருக்கிறேன், மறைக்கவில்லை. நீங்களும் போடுங்கள். பார்த்த பிரசவங்களை எழுதிவைத்த நோட்டு கேட்கிறார்கள். என்னுடையதில் ஆயிரத்து நூற்று நாற்பது இருக்கிறது. தேதி, எடை எல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஜம்பமாகத்தான் சொல்கிறேன். உங்கள் நோட்டை அனுப்பினால் நானே நகல் எடுத்துத் தருவேன்.

உங்கள்,
சந்திரா

பேரணாம்பட்டு,
11-2-1958

சந்திராக் கண்ணுக்கு, அக்கா துஆவுடன் எழுதுவது.

கால் கிடக்கிறது, விடு. நோட்டை அனுப்பியிருக்கிறேன், சிரிக்காதே. நல்லபடியாகப் பிறந்ததை நான் எழுதவே இல்லை. அதெல்லாம் தோல் மண்டி வாசலில் கோலி விளையாடுகிறது, அதை எதற்கு எழுத வேண்டும்? என் கையில் போனவர்களை மட்டும் எழுதினேன். நான் எங்கே தப்பு செய்தேன் என்று அடியில் எழுதுவேன். அதைப் படித்துவிட்டுத்தான் பையைத் தூக்குவேன்.

என் மாமா சத்தார்கூட பேஜாராகி, "இன்னா பேகம், ஊர் ஒலகம் செஞ்சத எழுதும், நீ செத்தத எழுதி வெச்சிருக்கியே" என்றார். இதைக் காட்டினால் இருக்கிற வேலையும் போய்விடும். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

முனவ்வர் பேகம்

ஆம்பூர்,
20-2-1958

அக்கா,

பதினாறு வருஷம். பதினோரு பெயர். நம்பாமல் இரண்டு தரம் எண்ணினேன். நீங்கள் பார்த்தது இரண்டாயிரத்துக்குக் குறையாது என்று எனக்குத் தெரியும்.

"பில்கிஸ், சர்தார் பாஷா மனைவி. ரத்தம் நிற்கவில்லை. வண்டி கட்டச் சொல்ல அரை மணி தாமதித்தேன். இனி வாசற்படி ஏறும்போதே வண்டி தயாராக நிற்க வேண்டும்." அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், ரத்தப்போக்கில் ஒருத்தியும் போகவில்லை. அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

என் நோட்டைத் திறந்தேன். அதில் இறந்தவர்களுக்குக் கட்டமே போடவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு பெயரும் வரவில்லை. நாம் பயிற்சி முடித்த வருஷம் பள்ளிகொண்டாவில் என் கையில் ஒரு பெண் போனாளே, நீங்கள்கூட உடனிருந்தீர்களே, அவள் பெயரும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உங்களைக் கேட்காமல் நோட்டை, அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற வேலூர் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார். "இவங்களுக்கு மனு எதுக்கு? வரச் சொல்லு" என்றார். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள்.

சந்திரா

பேரணாம்பட்டு,
26-2-1958

சந்திரா,

திட்டத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. வேலூருக்கு வருகிறேன், காலும் இனித் தாங்காது.

அவள் பெயர் பூங்காவனம். நெசவுக்காரர் வீட்டுப் பெண், இருபது வயசு. உன் கையில் போனவள் என்பதால் என் நோட்டில் எழுதவில்லை. மறக்கவும் இல்லை.

குழந்தை பிழைத்தது. மூர்த்தி என்று பெயர் வைத்தார்கள். இப்போது குடியாத்தத்தில் தறியில் உட்காருகிறான். உன் நோட்டில் முதல் வரியைப் பார். "ஆண், ஆறு ராத்தல்" என்று இருக்கும். அன்று நான்தான் தராசு பிடித்தேன். அது அவன்தான்.

அக்கா